பழைய பாய் வள்ளத்தைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? முதலில் எதையும் கழற்றாதீர்கள்

மூன்று வருடத்துக்கு முன் ஓர் அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். "எங்க தாத்தா சங்கு குளிக்கப் போன வள்ளம். பலகை எல்லாத்தையும் கழத்தி அடுக்கி வச்சிருக்கோம், நம்பரும் போட்டிருக்கு. நீங்க வந்து பூட்டித் தந்தாப் போதும்" என்றார். போய்ப் பார்த்தேன். கொட்டகைக்குள் பலகைகள் கடையில் அடுக்கியதுபோல் சுத்தமாக இருந்தன. சுண்ணாம்புக்கட்டியால் போட்ட எண்களில் பாதியை ஐப்பசி மழை கழுவிவிட்டது. எண் அழியாமல் இருந்தாலும் பிரயோசனமில்லை. நாற்பது வருடம் வளைந்து நின்ற பலகையை ஆணி பிடுங்கிக் கீழே போட்டால் அது தன் இஷ்டத்துக்குத் திருகிக்கொள்ளும். உள்ளே விலா எலும்புபோல் வளைந்து நிற்கும் வங்குகளையும் பெயர்த்துவிட்டிருந்தார்கள். அடியில் முதுகெலும்புபோல் ஓடும் ஏராக்கட்டை மட்டும் மணலில் தனியாகக் கிடந்தது. "இதுல பெஞ்சு செய்யலாம் அண்ணாச்சி, வள்ளம் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். டீ இறங்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் தூத்துக்குடி ஓடாவி, வள்ளம் கட்டுகிற தச்சன். அப்பாவும் ஓடாவி. 1961இல் இந்தக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தபோது வள்ளங்களுக்குக் கலப்பற்றுப் போட்ட, அதாவது பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்த, கைகளில் அவர் கையும் ஒன்று. நான் சொல்வது முப்பதடிப் பக்கமுள்ள வள்ளத்துக்கு. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன பெரிய தோணிக்கு அளவுகள் வேறு, ஆள்பலம் வேறு. முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிற வள்ளம் 31 அடி. ஒரு வீட்டுக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கோழி அடையும் இடமாக இருந்தது. நானும் என் அக்கா மகனும் சேர்ந்து தையில் ஆரம்பித்து ஆவணியில் கடலில் இறக்கினோம்.

முதல் வேலை பார்ப்பது. ஒரு குத்தூசி, ஒரு சின்னச் சுத்தியல், ஒரு டார்ச் லைட் போதும். வள்ளத்தின் முன்முனையான அணியத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பலகையையும் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் 'ணங்' என்று பேசும். உளுத்த மரம் பூசணிக்காயைத் தட்டினதுபோல் 'பொத்' என்னும். சந்தேகம் வந்த இடத்தில் குத்தூசியை வையுங்கள். கையழுத்தத்துக்கே கால் அங்குலம் இறங்கினால் அந்த இடம் போய்விட்டது.

எல்லாரும் வள்ளத்தின் அடியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கடல் தண்ணீர் மரத்தை அவ்வளவு சீக்கிரம் அழுகவிடாது. உப்பு காப்பாற்றும். அழுக வைப்பது மழைத் தண்ணீர். மேல்விளிம்புக்குக் கீழே, அணியத்தில் பலகைகள் வந்து முட்டும் மூலையில், வங்கின் தலைப்பில், பாய்மரக்கால் நிற்கும் கட்டைக்கு அடியில், அதாவது மழைநீர் தேங்கிக் காற்றுப் புகாத இடங்களில் பாருங்கள். எங்கள் வள்ளத்தில் அடிப்பலகை ஒன்றுகூடப் போகவில்லை. மேலே மட்டும் நான்கு வங்குத் தலைகள் மாவாக உதிர்ந்தன.

அடிப்பக்கத்துக்கு எதிரி வேறு. கடலில் மரத்தைத் துளைக்கும் புழு என்று நாம் சொல்வது உண்மையில் சிப்பி இனம். வெளியே குண்டூசித் துளைதான் தெரியும். உள்ளே விரல் நுழையும் அளவுக்குக் குடைந்து வைத்திருக்கும். அது உப்புத் தண்ணீர் இல்லாமல் வாழாது. கரையேற்றிக் காயப்போட்டாலே செத்துவிடும். பல வருடம் கரையில் கிடந்த வள்ளத்தில் புழு இருக்காது, துளை இருக்கும். துளை நெருக்கமாக இருந்தால் அந்தப் பலகையை மாற்ற வேண்டியதுதான்.

ஆணியைச் சுற்றிக் கரும்படலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரும்பு துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் தின்றுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பலகை நன்றாக இருந்தும் பிடிப்பு இருக்காது. அந்த ஆணிகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும்.

பார்த்து முடித்து மூன்று நிறத்தில் குறி போடுங்கள். நான் இருக்கட்டும் என்பதற்குப் பச்சை, பார்க்கலாம் என்பதற்கு மஞ்சள், போகணும் என்பதற்குச் சிவப்பு போடுவேன். முதல் நாள் நீங்கள் போட்ட சிவப்பில் பாதி ஒரு வாரம் கழித்து மஞ்சளாகும், கவலைப்படாதீர்கள்.

அடுத்தது நிழலும் முட்டும். பனையோலைக் கொட்டகை போடாமல் வேலையைத் தொடங்காதீர்கள். தூத்துக்குடி பங்குனி வெயிலில் ஒரே வாரத்தில் பலகை வெடிக்கும். கீழே நாலடிக்கு ஒரு கட்டை வைத்து ஏராவை மட்டத்தில் நிறுத்துங்கள். பக்கவாட்டு முட்டுக்கட்டைகள் வள்ளத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் போதும். இறுக்கி ஆப்பு அடித்தால் வயிறு உள்வாங்கிவிடும்.

அணியத்திலிருந்து பின்முனை வரை ஒரு நூலை இழுத்துக் கட்டி ஏராவைப் பாருங்கள். பழைய வள்ளத்துக்குப் பெரும்பாலும் இரண்டு முனையும் தொங்கி நடு எழும்பியிருக்கும். எங்களதில் இரண்டரை அங்குலம். இதை ஒரே நாளில் நிமிர்த்த நினைப்பவர்கள் ஏராவை உடைப்பார்கள். நடுக்கட்டைகளை மெல்லத் தளர்த்தி, முனைகளுக்கு அடியில் ஆப்பு வைத்து, வாரத்துக்குக் கால் அங்குலம். நாங்கள் ஒன்றே முக்கால் அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டோம். மீதி அதன் வயசு, இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது உள்ளே குறுக்குச் சட்டம். மூன்று இடத்தில் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குச் சட்டம் அடித்து, அதன் நடுவிலிருந்து ஏராவுக்குத் தூக்குக்குண்டு விட்டு அளவெடுத்துச் சட்டத்திலேயே எழுதிவையுங்கள். இனி எந்தப் பலகையைக் கழற்றினாலும் மாலையில் அந்த அளவைச் சரிபாருங்கள். காலேஜ் படித்த பிள்ளைகள் வந்து "வரைபடம் எங்க?" என்று கேட்கிறார்கள். வள்ளத்துக்கு வரைபடம் வள்ளம்தான். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை ஓடாவிகள் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அது 1938இல் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் போய் நின்றது. அந்தக் கை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒரு கை செய்த உருவம் உங்கள் முன்னால் நிற்கும்போது அதைக் கலைத்துவிட்டுக் காகிதத்தில் தேடக் கூடாது.

அதனால் விதி இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு வங்கு. அது முடிந்த பிறகு அடுத்தது, அதுவும் பக்கத்து வங்கு அல்ல, ஒன்றிரண்டு தள்ளி. எல்லா வங்கும் முடிந்த பிறகுதான் பலகை. பலகையிலும் இந்தப் பக்கம் ஒன்று மாற்றினால் அந்தப் பக்கம் ஒன்று.

வங்குக்கு நாட்டுக்கருவேலம். சீமைக்கருவேலம் கொடுத்து ஏமாற்றுவார்கள், ஜாக்கிரதை. மரம் வளர்ந்தபோதே வளைந்திருக்க வேண்டும். நேர்க்கட்டையை வாள் போட்டு வளைவாக அறுத்தால் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு முதல் அலையிலேயே பிளக்கும். இரும்புக் கம்பியைப் பழைய வங்கின் மேல் வைத்து வளைத்து, அந்தக் கம்பியை எடுத்துக்கொண்டு மரம் பார்க்கப் போவோம். ஏலம் எடுத்தவரிடமும் அறுவை மில்லிலும் குவியலுக்கு மேல் ஏறிக் கம்பியை ஒவ்வொரு கிளையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். கண்மாய்க்கரை மரத்தை நீங்களாக வெட்டப் போகாதீர்கள், அது அரசாங்கச் சொத்து. ஏழு வங்குக்காக விளாத்திகுளம் பக்கம் மூன்று நாள் அலைந்தோம். அக்கா மகன் சலித்துப்போய், "மாமா, வெல்டிங் பண்ணி இரும்புல வச்சா என்ன?" என்றான். "வச்சுக்கோ லே. ஆனா அதுக்கு வள்ளம்னு பேர் சொல்லாத" என்றேன்.

கிடைத்த கட்டையை வாச்சியால் செதுக்கும்போது வெளிப்பக்கத்து மெத்து மரமான வெளிறு முழுக்கப் போக வேண்டும். உள்ளே இருக்கும் கெட்டி மரமான வைரம் மட்டும் நிற்க வேண்டும். வெளிறு ஒரு விரல் அகலம் விட்டாலும் புழுவுக்கு அது வாசல்.

பலகைக்கு அயினி. கன்யாகுமரிப் பக்கமும் கேரளத்திலிருந்தும் வரும். தேக்கு உயர்ந்ததுதான், விலையும் உயர்ந்தது. அயினி உப்புத் தண்ணீருக்குத் தேக்குக்குச் சளைத்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வள்ளத்துக்கு ஒன்றே கால் அங்குலக் கனம். முழு நீளப் பலகை தேவையில்லை. கெட்ட பகுதியை அறுத்தெடுத்து நல்ல இடத்தில் சாய்வு மூட்டுப் போடலாம். சாய்வின் நீளம் கனத்தைப்போல் எட்டு மடங்கு, எங்களுக்குப் பத்து அங்குலம். புதுத்துண்டு ஐந்தடிக்குக் குறையக் கூடாது. அடுத்தடுத்த பலகை வரிகளில் மூட்டுகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வரக் கூடாது. ஒரே வங்கின் மேல் இரண்டு மூட்டு வந்தே தீரும் என்றால் நடுவில் மூன்று வரியாவது முழுசாக இருக்க வேண்டும்.

அணியத்தில் பலகை வளைந்து திருகிப் போகும். ஈரச் சாக்குச் சுற்றி, தீக்கு மேலே இரண்டு முட்டில் தூக்கி வைத்து, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே வாட்டினால் மெல்ல இறங்கும். அவசரப்பட்டு இழுத்தால் 'படீர்' என்று ஒரு சத்தம் வரும், அன்றைய கூலி போனது என்று அர்த்தம். வளைந்ததும் சூட்டோடு கொண்டுபோய் வங்கில் கட்டி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

பொருத்தம் பார்ப்பதற்கு அப்பா காட்டிய வழியையே இன்றும் செய்கிறேன். பழைய பலகையின் விளிம்பில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவுவேன். புதுப் பலகையைக் கொண்டுபோய் அழுத்தி எடுத்தால் எங்கே முட்டுகிறதோ அங்கே கறுப்புப் பொட்டு விழும். அந்தப் பொட்டை மட்டும் இழைப்புளியால் ஒரு சீவல். மறுபடி அழுத்தல், மறுபடி ஒரு சீவல். முதலில் மூன்று நான்கு பொட்டு, அப்புறம் பத்து, அப்புறம் இருபது. விளிம்பு முழுக்க ஒரே கறுப்புக் கோடாக விழும்போது அந்தப் பலகை உட்கார்ந்துவிட்டது. அணியத்துப் பலகை ஒன்றுக்கு நாங்கள் பதினாறு தடவை தூக்கி இறக்கினோம். உள்பக்கம் இரண்டு பலகையும் முட்ட வேண்டும். வெளிப்பக்கம் நூல் அளவு, ஒரு காசின் கனத்துக்கு, திறந்திருக்க வேண்டும். அந்தத் திறப்பில்தான் கலப்பற்று உட்காரும்.

ஆணிக்கு முன்னால் துரப்பணம் போட்டே ஆக வேண்டும், ஆணியைவிடக் கொஞ்சம் சிறிய துளையாக. செம்பு ஆணி வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் நாகம் பூசிய இரும்பு ஆணி. இரண்டையும் கலக்காதீர்கள், உப்புத் தண்ணீரில் செம்பு பக்கத்தில் இருந்தால் இரும்பு சீக்கிரம் கரைந்துவிடும். கொண்டைக்கு அடியில் எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை இரண்டு சுற்றுச் சுற்றி அடியுங்கள். உள்ளே நீட்டிக்கொண்டு வரும் நுனியை வங்கின் மேல் மடக்கி மரத்துக்குள் புதையும்படி அடிக்க வேண்டும். வெளியே ஒருவர் கொண்டைக்குச் சம்மட்டியைத் தாங்கிப் பிடிக்காமல் இதைச் செய்ய முடியாது.

இனி கலப்பற்று. பேச்சில் கலப்பத்து. நாங்கள் இடுக்குகளை அளந்து பார்த்ததில் ஐந்நூறு அடிக்கு மேல் வந்தது. ஒரு நாளைக்கு ஓர் ஆள் நன்றாகப் போட்டால் முப்பது அடி.

முதலில் இடுக்கைச் சுரண்டிப் பழைய பஞ்சையும் பிசினையும் எடுங்கள். புதுப் பஞ்சைத் தொடையில் வைத்துத் திரித்துப் பென்சில் கனத்துக்குக் கயிறாக்கிக்கொள்ளுங்கள். உளியின் முனை கூர்மையாக இருக்கக் கூடாது, இருந்தால் பஞ்சை வெட்டும். இடுக்கு ஒடுங்கிய இடத்தில் திரியை நேராக வையுங்கள். அகன்ற இடத்தில் சின்னச் சின்ன மடிப்பாக மடித்து வையுங்கள். முதல் தடவை பிடிக்கும் அளவுக்கு மட்டும் தட்டிவிட்டுப் போங்கள். இரண்டாம் தடவை கொட்டாப்புளியால் உள்ளே இறக்குங்கள். பஞ்சு இடம் பிடிக்கும்வரை சத்தம் மொத்தையாக இருக்கும். பிடித்ததும் கணீரென்று மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டவுடன் கையை நிறுத்த வேண்டும். இந்த வேலைக்குக் காது முக்கியம், ரேடியோவை அணைத்துவிடுங்கள்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் காது இல்லை, தோள் மட்டும்தான் இருந்தது. அப்பா ஊரில் இல்லாத நாலு நாளில், சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்த ஒரு வள்ளத்துக்கு நான் கலப்பத்துப் போட்டேன். ஒரு சொட்டு ஒழுகக் கூடாது என்று உளி துள்ளத் துள்ள அடித்தேன். இறக்கிய முதல் நாள் ஒழுகவே இல்லை. காலரைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் பலகைகள் தண்ணீர் குடித்து ஊறின. ஊறின மரத்துக்குப் போக இடமில்லை. ராத்திரி துறையில் படுத்திருந்தவர்கள் சத்தம் கேட்டு எழுந்திருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் ஐந்து வங்கு வெடித்திருந்தது, ஆணிகள் பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தன. அப்பா வந்து ஒன்றும் திட்டவில்லை. உள்ளே குனிந்து ஒவ்வொரு வங்காகத் தடவிப் பார்த்துவிட்டு, "மரம் மூச்சு விட இடம் வேணாமா லே?" என்று கேட்டார். ஐந்து வங்கின் கூலியை என் கணக்கில் எழுதினார்.

பஞ்சுக்கு மேல் குங்கிலியம். தூளாக்கிச் சலித்து, இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு இளக்க வேண்டும். அடுப்பு கொட்டகைக்கு வெளியே, வள்ளத்துக்குக் காற்றுக்கீழ்ப் பக்கம், அதாவது காற்று வள்ளத்தைக் கடந்து போகிற பக்கம், இருக்கட்டும். சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியைப் போட்டு மண்ணை அள்ளிப் போடுங்கள். பக்கத்திலேயே இரண்டு வாளி மண் இருக்க வேண்டும். அளவுக்குத் தராசு வேண்டாம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, ஆறியதும் விரலால் வளையுங்கள். கண்ணாடி மாதிரி உடைந்தால் எண்ணெய் போதாது. விரலில் ஒட்டினால் குங்கிலியம் போதாது. நகம் பதிந்து, ஆனால் ஒட்டாமல் வளைந்தால் பதம். பழைய காலத்தில் பனிச்சங்காய்ப் பிசினையும் சேர்ப்பார்கள், வலைக்குச் சாயம் ஏற்றுவதும் அதே காயில்தான். இப்போது காய் கிடைப்பது குதிரைக்கொம்பு.

உள்பக்கம் முழுக்க மீனெண்ணெய், இரண்டு தடவை. நாற்றம் ஒரு மாதம் இருக்கும், வீட்டில் திட்டு விழும். அடிப்பக்கம் வெளியே சுண்ணாம்பைக் கொழுப்பில் குழைத்துப் பூசுவது பழைய வழக்கம். வருடத்துக்கு இரண்டு முறை கரையேற்றிச் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டால் கடையில் விற்கும் பாசி பிடிக்காத பெயிண்டை அடியுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் ஃபைபர் உறை போடுவதற்குச் சண்டைக்கு வருவேன். "பழைய மரத்து மேல ஃபைபர் போர்த்திட்டா நூறு வருஷம் வரும்" என்று ஒருவர் சொல்லி, இன்னொருவர் நம்பி, நல்ல வள்ளம் ஒன்றை மூடினார்கள். மரம் ஊறும், சுருங்கும், ஃபைபர் அசையாது. இரண்டுக்கும் நடுவில் மழைத் தண்ணீர் புகுந்து வெளியே வர வழியில்லாமல் நின்றது. நாலு வருடம் கழித்து உறையைக் கிழித்தபோது உள்ளே பலகையைக் கரண்டியால் அள்ளினோம்.

பாய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனி வேலை. காடாத் துணியை ஒடுக்கமான பட்டைகளாக வைத்துத் தையுங்கள், அகலத் துணி இழுபட்டு உருக்குலையும். முக்கோணப் பாய்க்குப் பருமலில், அதாவது பாயைத் தாங்கும் சாய்ந்த கழியில், கட்டுகிற விளிம்பை நேர்க்கோடாக வெட்டாதீர்கள். நடுவில் ஒரு சாண் வெளியே தள்ளி வில்லாக வெட்டினால்தான் காற்றில் வயிறு வைக்கும். பருமலுக்கு ஒரே மூங்கில் போதாது, இரண்டு மூன்றை அடிநுனி மாற்றி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். பாயை ஏற்றும் ஆஞ்சானுக்கும், பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமானுக்கும் தேங்காய்நார்க் கயிறு நல்லது, உப்புத் தண்ணீருக்கு அசராது. நைலான் கயிறு கையை வெட்டும், ஆனால் மலிவு.

இறக்குவதற்கு முந்தைய ஒரு வாரம் வள்ளத்துக்குள் ஈரச் சாக்குகளை விரித்து, காலையும் மாலையும் கடல் தண்ணீர் தெளியுங்கள். நல்ல தண்ணீர் வேண்டாம், காரணம் மேலே சொன்னேன். பிறகு முழங்கால் ஆழத்தில் கொண்டுபோய் நிறுத்தி, தண்ணீர் உள்ளே வர விட்டுவிடுங்கள். பார்க்க வருபவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எங்கள் வள்ளம் முதல் நாள் விளிம்புவரை நிறைந்து உட்கார்ந்துவிட்டது. சொந்தக்காரர் அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போனது. "ஏழு மாசம் வேலை பாத்தீங்களே, ஓடாவி" என்றார். "ரெண்டு நாள் பொறுங்க, அது தண்ணி குடிக்குது" என்றேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அக்கா மகனை இறைக்கச் சொன்னேன். பழைய எண்ணெய் டின்னால் இறைத்தான், கணக்கு வைக்கச் சொல்லியிருந்தேன். வற்றவைத்த பிறகு முதல் மணி நேரத்தில் மறுபடி ஊறியது நாற்பத்தொரு டின். ராத்திரி பத்து மணிக்கு எண்ணியபோது மணிக்குப் பதினாலு. விடியற்காலையில் ஆறு. மூன்றாம் நாள் மதியம் உள்ளே இறங்கி அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "ஈரம் இருக்கு மாமா, தண்ணி இல்ல" என்றான். பாய்மரத்தைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னேன்.